பாலம் இருக்கு, ரயில் எங்கே?

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ் பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வேன்களும் கார்களும்தான். பாதிப் பேர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால், கடலுக்குள் புது ரயில் பாலம். கொஞ்ச நேரத்தில் அதன்மேல் ஒரு ரயில் நிதானமாக வந்தது. எங்கள் பஸ் நாலு அடி நகர்வதற்குள் அது மண்டபம் பக்கம் போய் மறைந்துவிட்டது.

பக்கத்து சீட்டில் இருந்தவர் தங்கச்சிமடத்துக்காரர். "பாலத்துக்கு ஐந்நூறு கோடிக்கு மேல கொட்டிட்டாங்க. இதுல பத்து நிமிஷத்துக்கு ஒரு சின்ன ரயில் விட்டா என்ன சார்? வெளிநாட்டுல எல்லாம் விடுறாங்களே, லைட் ரயிலாம்" என்றார். முன் சீட்டில் கருவாட்டுக் கூடையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்து, "அதுல கூடைய ஏத்த விடுவாங்களாக்கும்?" என்று கேட்டார்.

இரண்டுமே நல்ல கேள்விகள். இரண்டாவது கேள்வி முதலாவதைவிடக் கெட்டிக்காரத்தனமானது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இந்தப் பேச்சு எங்கள் பக்கம் சூடு பிடித்ததற்குக் காரணம் மதுரை. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கி.மீ. மெட்ரோவுக்கு மாநில அரசு அனுப்பிய திட்டத்தை, கோயம்புத்தூர் திட்டத்தோடு சேர்த்து, 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கையைக் காட்டி, 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்றார்கள். 2011 கணக்குப்படி மதுரை மாநகராட்சிக்குள் பத்து லட்சத்துக்குச் சற்று மேல்தான். ஆக்ராவுக்கும் போபாலுக்கும் மட்டும் எப்படிக் கொடுத்தீர்கள் என்று எதிர்க்கேள்வி எழுந்தது. அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சண்டையின் ஓரத்தில் இன்னொரு பேச்சும் முளைத்தது: மெட்ரோ பெரிய ஊருக்கு என்றால், நடுத்தர ஊருக்கு லைட் ரயில் போதுமே, அதை ஏன் கேட்கக் கூடாது? மதுரைக்குக் கேட்கலாம் என்றால் ராமநாதபுரம்–ராமேஸ்வரத்துக்கும் கேட்கலாமே?

கேட்கலாம். கேட்பதற்கு முன்னால் அது என்ன சாமான் என்று தெரிந்துகொள்வது நல்லது.

லைட் ரயில், இலங்கைத் தமிழில் இலகு ரயில், புது விஷயம் இல்லை. பழைய டிராமின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். சென்னையில் 1895இலேயே மின்சார டிராம் ஓடியது, இந்தியாவிலேயே முதலாவது. 1953 ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். உலகம் முழுக்க அந்தக் காலத்தில் டிராமைப் பிடுங்கி எறிந்துவிட்டு பஸ்ஸுக்கும் காருக்கும் மாறினார்கள். எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறி, ரோடுகள் திணறியபோது டிராம் ஞாபகம் வந்தது. 'டிராம்' என்றால் பழங்கால வாசனை அடிக்குமே, அதனால் 1972இல் அமெரிக்காவில் லைட் ரயில் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். இங்கே 'லைட்' என்பது பெட்டியின் எடையைச் சொல்வதில்லை. அது ஏற்றிச் செல்லும் கூட்டம் மெட்ரோவைவிடக் குறைவு, கட்டுமானமும் எளிமை என்று அர்த்தம். பெரும்பாலும் தரையிலேயே ஓடும், ரோட்டின் நடுவில் தனித்தடம் இருக்கும், சிக்னலில் நிற்கும், நிறுத்தம் என்பது பஸ் ஸ்டாப்பைவிடக் கொஞ்சம் பெரிய மேடை. அவ்வளவுதான்.

இந்தியாவில் இதற்கு 'மெட்ரோலைட்' என்று பெயர் வைத்து, 2019 ஜூலையில் ஒன்றிய நகர்ப்புற அமைச்சகம் அளவுகோல்களை வெளியிட்டது. மூன்று பெட்டி, சுமார் 300 பேர், உச்ச வேகம் 60 கி.மீ., நின்று நின்று போகும்போது சராசரி 25 கி.மீ. எந்த இடத்துக்குப் பொருந்தும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: நெரிசல் நேரத்தில், ஒரே திசையில், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் போகிறார்கள்? 2,000 முதல் 15,000 பேர் வரை என்றால் மெட்ரோலைட். அதற்குக் கீழே பஸ்ஸே போதும். அறிவித்து இத்தனை வருஷமாகியும் நம் நாட்டில் ஓர் ஊரிலும் மெட்ரோலைட் ஓடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, அந்த 2,000 பேரைக் கொஞ்சம் கண்முன் நிறுத்திப் பார்ப்போம். ஒரு பஸ்ஸுக்கு 60 பேர் என்றால் 33 பஸ். இரண்டு நிமிஷத்துக்கு ஒன்றுக்கும் நெருக்கமாக, ஒரே பக்கமாக, நிரம்பி வழிந்துகொண்டு பஸ் போக வேண்டும். அதுவும் தினமும். ராமநாதபுரம் நகராட்சியின் மக்கள்தொகை 2011இல் 61,440. பால்குடிக் குழந்தை முதல் படுத்த படுக்கையாக இருப்பவர்வரை முப்பதில் ஒருவர் ஒரே மணி நேரத்தில் ஒரே திசையில் கிளம்பினால்தான் அந்தக் கீழ் வரம்பையே தொட முடியும். ராமேஸ்வரம் அதைவிடச் சின்னது, 44,856. கீழக்கரை 38,355. மாவட்டத்திலேயே பெரிய ஊரான பரமக்குடி ஒரு லட்சத்தைத் தொடவில்லை. 20 லட்சம் வேண்டும் என்கிறார்களே, மாவட்டம் முழுக்கக் கூட்டினாலும் 13.5 லட்சம்தான்.

'நடுத்தர நகரம்' என்ற வார்த்தையே இங்கே நம்மைக் குழப்புகிறது. கனடாவில் லைட் ரயில் போட்ட நடுத்தர நகரங்களில் அப்போதே ஐந்தாறு லட்சம் பேர். 1978இல் எட்மன்டனில் லைட் ரயில் வந்தபோது அந்த ஊரில் சுமார் ஐந்து லட்சம் பேர் இருந்தார்கள். 1981இல் கால்கரியில் வந்தபோது அங்கே ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நம் ஊர் அளவுக்கு அவை பெருநகரங்கள்.

ஆனாலும் அந்த ஊர்களிடம் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. கால்கரி இன்று வட அமெரிக்காவில் நல்ல கூட்டம் ஏறும் லைட் ரயில்களில் ஒன்று. ரயில் அழகாக இருக்கிறது என்று யாரும் ஏறவில்லை. வேலை எல்லாம் நகரின் நடுவே குவிந்திருந்தது. அங்கே கார் நிறுத்த இடத்தை வேண்டுமென்றே குறைவாக வைத்தார்கள். நடுநகரின் ஒரு முழுத் தெருவை ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்துவிட்டார்கள், அந்தத் தெருவுக்குள் டிக்கெட்டே கிடையாது. அதே கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாட்டர்லூ வட்டாரம் இன்னும் பொறுமையாக நடந்துகொண்டது. 2019 ஜூனில் 19 கி.மீ. லைட் ரயில் திறப்பதற்குப் பதினாலு வருஷம் முன்பே, 2005இல், கிட்டத்தட்ட அதே தடத்தில் ஒரு விரைவு பஸ்ஸை விட்டார்கள். கூட்டம் வருகிறதா என்று பார்த்தார்கள். வந்தது. அப்புறம்தான் தண்டவாளம்.

கூட்டம் இல்லாமலோ, பராமரிக்கக் கையிருப்பு இல்லாமலோ போட்டவர்கள் கதையும் உண்டு. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் 2015இல் சுமார் 47 கோடி டாலரில், பெரும்பகுதி சீனக் கடனில், 41 ரயில்களோடு தொடங்கினார்கள். ஊரில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. உதிரிபாகம் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல் சில வருஷங்களில் ரயில்களில் பெரும்பகுதி ஷெட்டில் நின்றது. கனடாவின் ஒட்டாவா பணக்கார ஊர். அங்கேயும் 2021இல் அடுத்தடுத்து இரண்டு தடவை பெட்டி தடம்புரண்டு, விசாரணைக் கமிஷன் வரைக்கும் போனது. நமக்கு எதிர்க்கரையில் கொழும்பு. ஜப்பான் கடனில் கோட்டையிலிருந்து மாலபே வரை இலகு ரயில் போடுவதாக ஒப்பந்தம் எல்லாம் ஆகி, 2020 செப்டம்பரில் செலவு அதிகம் என்று அப்போதைய ஜனாதிபதி ரத்து செய்தார். கொழும்பு மாதிரி நெரிசலான ஊருக்கு அது பொருந்தியிருக்கும் என்பது என் எண்ணம். அங்கே மறுத்ததும் தவறாக இருக்கலாம், இங்கே கேட்பதும் தவறாக இருக்கலாம்.

இனி நம் கரைக்கு வருவோம்.

வரைபடத்தில் பார்த்தால் ராமநாதபுரம்–ராமேஸ்வரம் தடம் ரயிலுக்கென்றே செய்தது போல இருக்கும். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் எல்லாம் ஒரே கோட்டில், நூலில் கோத்த மாதிரி. ஒரே நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் கடல். இவ்வளவு நேரான தடம் எந்தப் போக்குவரத்துப் பொறியாளருக்கும் ஆசை காட்டும். ஆனால் நீளம் 55 கி.மீ. மெட்ரோலைட்டின் சராசரி 25 கி.மீ. வேகத்தில் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெரிசல் இல்லாத நாளில் பஸ்ஸே ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. இலகு ரயில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள், ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் கூட்டத்துக்கானது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே உடைமரக்காடும் தென்னந்தோப்பும் இருக்கும் இடத்துக்கு அது ஏற்றதல்ல.

செலவையும் பார்த்துவிடலாம். மதுரை மெட்ரோவின் மதிப்பீடு 11,000 கோடி ரூபாய்க்கு மேல். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 350 கோடி. அதில் ஒரு பகுதி சுரங்கம், அதனால் கூடுதல். மெட்ரோலைட் அதில் ஐந்தில் ஒரு பங்கில் முடிகிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம், 70 கோடி. ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்கு 3,850 கோடி ஆகிறது. அந்தக் காசில் புதுப் பாம்பன் பாலம் மாதிரி ஏழு கட்டலாம்.

பணத்தை யாரோ கொடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், இந்தக் கரை விடாது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் காற்று. ஆடியில் கச்சான் அடிக்கும்போது பாம்பன் பாலத்தில் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும், வண்டியே ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் போகும். ரயில் பாலத்தில் காற்றுமானி இருக்கிறது. மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிவப்பு விழும், ரயில் நிற்கும். 1964 டிசம்பர் புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் பயணிகளோடு கடலுக்குள் போனதை இன்னும் எங்கள் வீடுகளில் பேசுகிறார்கள். இலகு ரயில் பெட்டிகளுக்கு எடை குறைவு. அவற்றுக்குக் காற்று வரம்பை இன்னும் கீழே வைக்க வேண்டி வரலாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு ரயில் என்று அட்டவணை போட்டு, காற்றுக் காலத்தில் பல நாள் அதை மூடி வைக்க வேண்டி வரலாம்.

அடுத்தது மணல். ரோட்டில் பதிக்கும் டிராம் தண்டவாளத்தில் சக்கரத்தின் விளிம்பு ஓட ஒரு பள்ளம் இருக்கும். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி தனுஷ்கோடி ரோட்டில் போனால், காற்று மணலைத் தார்மேல் பாய் விரித்த மாதிரி கொண்டுவந்து போட்டிருக்கும். அந்தப் பள்ளம் ஒரு ராத்திரியில் தூர்ந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை, டிராம் வண்டிகள் தங்களோடு ஒரு பெட்டி மணல் வைத்திருக்கும். ஈரத்தில் சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் கொஞ்சம் தூவிப் பிடிமானம் தேடும். இங்கே அந்தச் செலவு மிச்சம், கடலே தூவிவிடும், அளவுதான் தெரியாது.

மூன்றாவதும் மோசமானதும் உப்பு. உப்புக் காற்று இரும்பைத் தின்னும் என்பது எல்லாருக்கும் தெரியும். புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷப் பெயின்ட்டும் போட்டதே அதற்காகத்தான். தெரியாத ஒன்று தரைக்கடியில் நடக்கும். பெரும்பாலான இலகு ரயில்கள் 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகின்றன. மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து, மோட்டாரைச் சுற்றிவிட்டு, தண்டவாளம் வழியாகத் துணைமின் நிலையத்துக்குத் திரும்பும். திரும்பும் வழியில் கொஞ்சம் மண்ணுக்குள் கசியும். கசிந்த மின்சாரம் பக்கத்தில் இரும்புக் குழாய் கிடந்தால் அதற்குள் புகுந்து ஓடி, வேறு ஓர் இடத்தில் வெளியேறும். வெளியேறும் இடத்தில் குழாயின் இரும்பை அரித்துக்கொண்டு போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மின்சார டிராம் வந்ததும் அமெரிக்க ஊர்களில் தண்ணீர்க் குழாய்கள் பொத்தலாகத் தொடங்கியபோதுதான் இதைக் கண்டுபிடித்தார்கள். காய்ந்த மண்ணில் கசிவு குறைவு. ஈரமும் உப்பும் சேர்ந்த மண்ணில் மின்சாரத்துக்குத் தங்குதடை கிடையாது. நம் மண் அப்படிப்பட்டது.

சரி, நம் ரோட்டோரத்தில் என்ன குழாய் போகிறது? காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாய். ஆறு குடம் வைத்த தள்ளுவண்டியோடு பெண்கள் அதன் பக்கத்தில்தான் வரிசையில் நிற்கிறார்கள். குழாய் உடைந்தால் அந்தத் தள்ளுவண்டி இன்னும் இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக உருள வேண்டும். கசிவைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் உறை, தனி இணைப்புகள், தொடர்ந்து அளந்து பார்க்கும் ஏற்பாடு எல்லாம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் காசு, ஒவ்வொன்றுக்கும் வருஷா வருஷம் பராமரிப்பு. நம் பெரிய ரயில்கள் ஓடும் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ராமேஸ்வரத்துக்குள் மட்டுமாவது, கோயிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஓடவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். படத்தில் அழகாக இருக்கும். ரத வீதியில் மேலே கம்பி கட்டிவிட்டுத் தேரை எப்படி இழுப்பது என்று திருப்பிக் கேட்டேன். பேட்டரியில் ஓடும் என்றார். பேட்டரியில் ஓடுவதென்றால் அது பஸ்ஸாகவே ஓடட்டுமே, தண்டவாளம் எதற்கு?

கூட்டத்தின் சுபாவத்தையும் கவனிக்க வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் அக்னி தீர்த்தக் கரையில் மணல் தெரியாது. அன்றைக்கு எந்த ரயில் விட்டாலும் நிரம்பும். மறுநாள் மத்தியானம் அதே தெருவில் நாய் படுத்திருக்கும். காலை ஆறிலிருந்து ராத்திரி பத்து வரை, திங்களும் வியாழனும் ஒரே மாதிரி, கல்லூரிப் பிள்ளைகளும் கடைச் சிப்பந்திகளும் ஏறி இறங்கினால்தான் இலகு ரயில் பிழைக்கும். திருவிழாக் கூட்டத்துக்குச் சிறப்பு பஸ் விடுவது மாதிரி சிறப்புத் தண்டவாளம் போட முடியாது. வருகிற யாத்ரீகர்களும் உள்ளூரில் சுற்றுவதற்காக வருவதில்லை. வடநாட்டு ரயிலிலோ மதுரையிலிருந்து வேனிலோ மூட்டை முடிச்சோடு வந்து, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈரத்துணியை வேன் ஜன்னலில் காயப்போட்டுக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போய்விடுகிறார்கள்.

தினமும் போய்வருகிற உள்ளூர் ஜனம் யார்? அதில் பெரும்பகுதி பெண்கள். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. டிக்கெட் இல்லாத பஸ் பக்கத்திலேயே ஓடும்போது, இருபது முப்பது ரூபாய் கொடுத்து யார் இலகு ரயிலில் ஏறுவார்கள்? வருமான மதிப்பீடு தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களின் கணக்குத்தாளில் இந்த இலவச பஸ்ஸுக்கு ஒரு கட்டம் இருக்க வேண்டும். அப்புறம் கருவாட்டுக் கூடை. மெட்ரோ வகை ரயில்களில் பை அளவுக்கு வரம்பு இருக்கும், வாசனை வரும் சாமானுக்கு இடம் இருக்காது. பாம்பனிலும் மண்டபத்திலும் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் ஓடும் பெண்களை பஸ்ஸிலேயே முகம் சுளித்துத்தான் ஏற்றுகிறார்கள். அவர்கள் ஷேர் ஆட்டோவுக்கும் லோடு வேனுக்கும் காசு கொடுத்துக் கட்டுப்படியாகாமல் அல்லாடுகிறார்கள். இந்தக் கடற்கரையின் நிலையான தினசரிப் பயணி அந்தக் கூடைதான். அதை ஏற்றாத எந்த வண்டியும் இங்கே காலியாகத்தான் ஓடும்.

அப்படியென்றால் தங்கச்சிமடத்துக்காரர் கேட்டது தப்பா? வண்டியின் பெயரில் தப்பு. கேள்வியில் தப்பில்லை. சின்ன ரயில், அடிக்கடி, நேரம் பார்க்காமல் போய் ஏறுகிற மாதிரி. இலகு ரயிலில் உருப்படியான சரக்கு அதுதான். அதற்குப் புதுத் தண்டவாளம் வேண்டும் என்று யார் சொன்னது?

அமெரிக்காவில் சான் டியாகோ என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. 1976இல் ஒரு புயல் அங்கே ஒரு சரக்கு ரயில் பாதையைப் பல இடங்களில் அடித்துப்போட்டது. ரயில் கம்பெனி பாதையைக் கைவிடப் பார்த்தது. ஊர்ப் போக்குவரத்து வாரியம் 1979இல் அதை விலைக்கு வாங்கி, செப்பனிட்டு, 1981 ஜூலையில் இலகு ரயில் விட்டது. பகலில் ஆட்கள், ராத்திரியில் அதே தண்டவாளத்தில் சரக்கு. ஜெர்மனியில் கார்ல்ஸ்ருஹ, மூன்று லட்சம் பேர் வாழும் ஊர், 1992இல் இன்னும் ஒரு படி மேலே போனது. ஊருக்குள் டிராமாக ஓடும் அதே வண்டி, ஊர் எல்லையில் பெரிய ரயிலின் தண்டவாளத்தில் ஏறிப் பக்கத்து ஊர் வரை போகும். இரண்டு வகை மின்சாரத்திலும் ஓடுகிற மாதிரி செய்தார்கள். ஏறி இறங்கி மாறும் தொல்லை போனதும் பயணிகள் பல மடங்கு கூடினார்கள். இருக்கிற பாதையை வைத்துப் பிழைத்த ஊர்கள் இவை.

நம்மிடம் இருக்கிற பாதை எது? மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரை 161 கி.மீ. அகலப் பாதை. 1914இல் கட்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறந்தது. இரண்டு கி.மீ. நீளம், நடுவில் 72.5 மீட்டர் இரும்புத் துண்டு செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும், கீழே கப்பல் போகும். இந்தியாவில் கடல்மேல் இந்த மாதிரிப் பாலம் இதுதான் முதல். அடித்தூண்களை இரட்டைப் பாதைக்குத் தாங்கும்படி கட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு ஒற்றைப் பாதை. இதில் ஓடும் உள்ளூர் பாசஞ்சர் ரயில்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். மற்றதெல்லாம் தொலைதூர எக்ஸ்பிரஸ். அவை உச்சிப்புளிக்காரருக்கு உதவாது.

ஒற்றைப் பாதையில் அடிக்கடி விட முடியாதே என்பார்கள். உண்மைதான், பத்து நிமிஷத்துக்கு ஒன்று நடக்காது. எவ்வளவு நடக்கும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 11 கி.மீ. சராசரி 40 கி.மீ. வேகத்தில் 17 நிமிஷம். போக 17, வர 17, எதிர் ரயிலுக்கு ஒதுங்கி வழிவிட ஆறு. நாற்பது நிமிஷத்தில் ஒரு ஜோடி ரயில் அந்தத் துண்டைப் பயன்படுத்திவிட்டுப் போய்விடும். மணிக்கு ஒன்று என்று வைத்தால் இருபது நிமிஷம் மீதி. எக்ஸ்பிரஸ் வரும் நேரத்தில் இடிக்கும், அந்த மணி நேரத்தை விட்டுவிடலாம். பாதை கொடுக்கிற இடத்தில் மட்டும் விட்டாலே நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நடை வரும். எட்டுப் பெட்டி மெமு (மின்சார பாசஞ்சர் ரயில்) தேவையில்லை, மூன்று நான்கு பெட்டி போதும். மதுராவுக்கும் பிருந்தாவனத்துக்கும் நடுவே பல வருஷம் ஒற்றைப் பெட்டி ரயில் பஸ்ஸே ஓடியது, அதுவும் கோயில் கூட்டத்தை நம்பித்தான்.

பெரிய பெட்டி, பெரிய ரயில் என்பதால் காற்றுக்கும் உப்புக்கும் ஏற்கெனவே பழகிய வண்டி. கூடைக்கு வெண்டர் பெட்டி, அதாவது வியாபாரிகள் சரக்கோடு ஏறும் பெட்டி, வைக்கும் வழக்கம் ரயில்வேயில் உண்டு, விடியற்காலை நடைகளில் அரைப் பெட்டி ஒதுக்கினால் தீர்ந்தது. ராமநாதபுரத்தில் ரயில் நிலையம் ஒரு பக்கம், பஸ் ஸ்டாண்ட் ஒரு பக்கம். ராமேஸ்வரத்திலும் இறங்கிக் கோயிலுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும், அந்த ஒரு கிலோமீட்டருக்கு அவர்கள் கேட்கும் தொகையில் மதுரைக்கே போய்விடலாம். ரயில் வரும் நேரத்துக்கு வாசலில் ஒரு டவுன் பஸ் நின்றால் போதும். ரயில்வே ஒன்றிய அரசுடையது, பஸ் மாநில அரசுடையது, இரண்டும் நேரம் பேசிக்கொள்வதில்லை. நாலாயிரம் கோடிக்குத் திட்டம் போடுவதைவிட இரண்டு அதிகாரிகளை ஒரு மேஜையில் உட்கார வைப்பது கஷ்டம் என்பது இந்த நாட்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இதனால் பலன் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே தண்டவாளமே கிடையாது. அந்தப் பக்கம் பஸ்தான், கூடுதல் பஸ்தான். தனுஷ்கோடிக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டிய 17 கி.மீ. ரயில் பாதையும் அடிக்கல்லோடு நிற்கிறது. மணல்மேட்டுக்கும் கடலுக்கும் நடுவே அதைப் போடாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. ரோடு அரிச்சல்முனை வரை போய்விட்டது, சின்ன மின்சார பஸ்கள் அங்கே போதும்.

இதில் ஒரு சுவாரசியமான ஆள் இருக்கிறார். 1964 புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்த இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன், பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவைக் கட்டி 'மெட்ரோ மனிதர்' என்று பெயரெடுத்தார். அவரேதான் கோழிக்கோட்டுக்கும் திருவனந்தபுரத்துக்கும் லைட் மெட்ரோ வேண்டும் என்று வாதாடியவர். ராமநாதபுரத்தைவிடப் பத்து மடங்கு பெரிய ஊர்கள் அவை. அங்கேயே, அந்தத் திட்டத்துக்காக வந்த டெல்லி மெட்ரோ நிறுவனம் 2018இல் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டுப் போனது.

அன்றைக்கு எங்கள் பஸ் பாலத்தை விட்டு இறங்க முக்கால் மணி நேரம் பிடித்தது. மண்டபத்தில் கொஞ்சம் கூட்டம் இறங்கியது. உச்சிப்புளியில் அந்த அம்மா கூடையோடு எழுந்தார். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார், "இருய்யா, கூட மாட்டிக்கிச்சு" என்று அந்த அம்மா அதட்ட, தங்கச்சிமடத்துக்காரர் ஒரு கை பிடித்து இறக்கிவிட்டார். அப்புறம் சீட்டுக்குத் திரும்பி வந்து, கையை மோந்து பார்த்துவிட்டு, "நெத்திலி" என்றார். ராமநாதபுரத்தில் நாங்கள் இறங்கும்போது மணி ஏழே முக்கால். பாலத்தில் எங்களைத் தாண்டிப் போன ரயில் அதற்குள் பரமக்குடியைக் கடந்திருக்கும்.